தார் ஒட்டிய கை

தருமபுரி
15-6-1973

என் கண்ணான வஹிதாவுக்கு அம்மா ரஹமத் பீவி சலாம் சொல்லி எழுதுவது. அல்லா காப்பில் எல்லாரும் சுகம்.

பாலக்கோட்டு ஜான் பீ வந்திருந்தாங்க. மகனுக்கு உன்னைப் பேசி, அடையாளச் சேலையும் வெச்சுட்டுப் போனாங்க. ஆனா அந்தக் கடல் ஆராய்ச்சியை இந்த மாசமே விட்டுட்டு நீ வூட்டுக்கு வந்துடணுமாம். உன்னைப் பெத்த அத்தாவுக்குச் சம்மதம். உன்னைக் கேட்டுத்தான் பதில்னு நான் சொல்லியிருக்கேன்.

எனக்கு வேற கவலை. கையெல்லாம் தார்னு எழுதியிருந்தியே. தார் மேல தண்ணி ஒட்டாதே, தொழுகைக்கு முன்னால கழுவுற ஒளு எப்படிக் கூடும்? தொழுகை என்னாகும்? பள்ளிவாசல் அஜ்ரத்துகிட்ட கேட்டா, பொண்ணை வூட்டுக்கே கூட்டிட்டு வந்துடுங்கன்னுடுவார். அதனால கேட்கலை. நீயே சொல்லு.

துஆவுடன்,
அம்மா

பரங்கிப்பேட்டை
22-6-1973

அன்புள்ள அம்மாவுக்கு, சலாம்.

மண்ணெண்ணெயில துடைச்சு, சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் ஒளு செய்யறேன். கவலைப்படாதீங்க.

கப்பல் எண்ணெயும் தாரும் மிதக்கிற தண்ணியைத் துறைமுகத்துலருந்து பாட்டில்ல கொண்டு வந்திருக்கோம். அதுல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்குது. எண்ணெய்தான் அதுங்களுக்குச் சோறு. தின்கிறதுக்காக சோப்பு மாதிரி ஒண்ணைத் தானே சுரக்குது. எண்ணெய் துளித்துளியா உடைஞ்சு தண்ணியில கலந்துடுது. யாரும் கொண்டுபோய் விடலை, கடல்லயே இருக்குதுங்க. எது நல்லாச் சுரக்குதுன்னு பிரிச்சுட்டு வர்றேன். இன்னும் ஒரு வருஷம் வேணும். நடுவுல விட்டா வளர்த்ததெல்லாம் செத்துப்போகும்.

நீங்க வரச் சொன்னா வர்றேன்மா.

வஹிதா

தருமபுரி
6-7-1973

வஹிதா கண்ணு,

உன் கடிதத்தை அத்தாவுக்கு இரண்டு தரம் படிச்சுக் காட்டினேன். எண்ணெய் விழறதுக்கு முன்னாலயே அதைத் தின்கிற உயிரையும் அங்க வெச்சிருக்கானே, நம்மைப் படைச்ச ரப்புக்கு என்னன்னு நன்றி சொல்றது.

செவ்வாய்க்கிழமை ஜான் பீ வந்தாங்க. ஒரு வருஷம் பொறுங்கன்னு கேட்டேன். "எங்க வூட்டுச் சட்டி கழுவ இத்தனை படிப்பு எதுக்குங்க?"ன்னாங்க. நான் வாயைத் திறக்குமுன்னே அத்தா உள்ளே போய்ச் சேலையை எடுத்துட்டு வந்து அவங்க முன்னால வெச்சார்.

"சட்டி கழுவ வேற பொண்ணு பாருங்கம்மா. எங்க பொண்ணுக்குச் சமுத்திரமே கிடக்குது."

டீ கொடுத்தேன். குடிச்சுட்டுத்தான் போனாங்க. அப்புறம் அல்லாவுக்கு நன்றியா இரண்டு ரக்காத்து சுக்ரு தொழுதேன்.

நீ அங்கேயே இரு. அந்தக் கிருமிக்குப் பேர் வெச்சாச்சான்னு அத்தா கேட்கிறார். விவரமா எழுது. நம்ம கடைக்கு வர்றவங்க கேட்கிறாங்களாம், இவருக்குச் சொல்லத் தெரியலையாம்.

உன் அம்மா