முதலாளி தந்த அமுக்கரா

செவ்வாய்க்கிழமை.

காலையில் துணிக்கடைக்குள் நுழைந்ததுமே முதலாளி அமுக்கரா கிழங்குத் தூள் போட்ட, பாலில்லாத பிளேன்டீயை எங்களிடம் நீட்டினார். களைப்பு, மன அழுத்தம் எல்லாம் பறந்துவிடும் என்று போனில் பார்த்தாராம். நாங்கள் மூன்று பெண்கள் காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை அவர் கண் முன்னாலேயே நிற்கிறோம். எங்கள் களைப்பு அவருக்குப் போனில்தான் தெரிந்திருக்கிறது.

மஹய்யாவையில் எங்கள் வீட்டில் அமுக்கராவைப் படுக்கப் போகும்போதுதான் பாலில் கலந்து குடிப்போம். நன்றாகத் தூக்கம் வரும். இன்று மத்தியானம் சாரி அடுக்கில் சாய்ந்து நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன்.

"மருந்து குடுத்தும் தூங்குறியா?" என்று துணி எடுக்க வந்திருந்தவர்கள் முன்னால் முதலாளி கத்தினார்.

"அது ராவைக்குக் குடிக்கிறது, முதலாளி. எங்களுக்கு மருந்து வேணாம். உக்கார ஒரு கதிரை போடுங்க."

"கதிரை போட்டா வேலை நடக்குமா?"

உட்கார்ந்தபடியேதான் கேட்டார். கடையில் இருப்பது அந்த ஒரு கதிரைதான்.

நாளை தேநீர் ஊற்றுவது என் முறை. எங்கள் மூவருக்குமான தூளையும் சூடான பாலில் கலந்து அவருக்கே கொடுக்கப் போகிறேன். நன்றாகத் தூங்கட்டும். நாங்கள் தரையிலாவது கொஞ்சம் உட்காருகிறோம்.