ஏழாவது பிறவிக்கு ஒரு பேர்

என் செல்லச் சூனியக்காரி யாழினிக் கண்ணுக்கு,

எழுதிக்கொண்டிருந்த சூனியக்காரி நாவலைப் பாதியில் போட்டுவிட்டு நீ காய்ச்சலில் போய் ஒன்றரை வருசம் ஆச்சு. கோயமுத்தூர் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் காந்திபுரம் சிக்னலில் நின்றேன், பச்சை விழுவதற்குள் தாடி நரைத்துவிட்டது. உன் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இனிமேல் சொல்வதில் மிகை கிடையாது. நம்பு.

குழந்தையை முதன்முதலாகப் பார்த்த அன்று அதன் இடது காதுக்குப் பின்னால் திருஷ்டி மை வைத்திருந்தார்கள். உனக்கு மச்சம் இருந்த அதே இடம். என் வாய் சும்மா இருக்குமா? என் அக்காவிடம், அதுதான் உன் அம்மாவிடம், "மூவுலகத்தையும் சுத்திப்போட்டு உம்பட மகளே திரும்பி வந்துட்டா பாருக்கா" என்றேன். நீ போனதிலிருந்து பேச்சில்லாமல் கிடந்த உன் அம்மா எழுந்து வந்தாள். குழந்தையைத் தூக்கி, "யாழினி" என்றாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சோறு தின்றாள். அது வெறும் மை என்று எப்படிச் சொல்வேன்?

தினமும் குளிப்பாட்டி முடித்ததும் திருட்டுத்தனமாக நானே மை வைத்தேன். உன் அக்காவுக்கும் அது தெரியும். நடுவில் இரண்டு நாள் சத்தியமங்கலம் போக வேண்டியதாயிற்று. பொய் உடைந்திருக்கும் என்று பயந்துகொண்டே திரும்பினால், புள்ளி அதே இடத்தில் இருக்கிறது. மறுநாள் கதவிடுக்கில் பார்த்தேன். மைச்சிமிழோடு உன் அம்மா. புள்ளி வைத்துவிட்டு, "வந்துட்டயா கண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வைக்கிறாள்.

நாளைக்குப் பேர் வைக்கிறோம். உங்களுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் மாமன் மடி என்னுடையதுதான். காதில் மூன்று தடவை பேர் சொல்வதும் நானே. "யாழினின்னே சொல்லீரு தம்பி" என்கிறாள் உன் அம்மா. உன் அக்காவோ சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க மாமா. இவ இவளாவே வளரட்டுங்க. அம்மாகிட்ட என்னால சொல்ல முடியலீங்க."

என்ன செய்வதென்று தெரியாமல் உன் நாவல் நோட்டைத் திறந்தேன். உன் சூனியக்காரி கோபி பக்கம் ஒரு வாழைத்தோப்பில் ஏழாவது தடவையாகப் பிறக்கிறாள். ஒவ்வொரு பிறவியிலும் ஊர் அவளை அடையாளம் கண்டு பழைய பேரில் கூப்பிட்டுவிடுகிறது. கூப்பிட்டதும் பழைய சாவும் கூடவே வந்துவிடுகிறது. "இந்தத் தடவையாவது யாரோ ஒருத்தின்னு என்னைப் பாருங்க" என்கிறாள். அங்கேயே எழுத்து நின்றுபோய்விட்டது. அப்புறம் என்ன எழுத நினைத்திருந்தாய் கண்ணு? நிஜமாகவே நீ வந்திருந்தாலும் இதைத்தான் கேட்பாயா?

நாளைக்கு அந்தக் காதில் உன் அக்கா தேர்ந்தெடுத்த பேரைச் சொல்வேன். உன் அம்மா சாபம் விட்டால் பவானி ஆறே வற்றும், விடட்டும். அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுவேன். உன் பேரைச் சொல்லி அழ வேண்டுமானால் என்னிடம் அழட்டும்.

இனி உன்னை அந்தக் குழந்தை முகத்தில் தேடமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கூப்பிடமாட்டேன். அது சத்தியம்.

இப்படிக்கு,
எத்தனை பிறவியானாலும்
உன் தாய்மாமன்