தெருவில் போட்ட பழி

12 ஜூன் 2024

அன்புமணியின் கம்பெனியில் கேம்ப் போடுகிறார்களாம். வேலை செய்பவர்கள் வீட்டில் அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை, வீசிங் உள்ளவர்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் ஊசி. என்னைக் கேட்காமலே என் பெயரையும் அடுத்த வீட்டு முனிலட்சுமி பெயரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என் மகன்.

"பெரியம்மாவுக்கு மழை வந்தா மூச்சே விட முடியறதில்லம்மா."

அவனுக்குப் பெரியம்மா. எனக்கு ஓரகத்தி. நடுவில் ஒரே சுவர். மூன்று வருடமாக என்னைப் புருஷனைக் கொன்றவள் என்கிறாள்.

எனக்கும் ஊசி வேண்டாம். அவர் போனதிலிருந்து பயம்.

14 ஜூன்

விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழாயடியில் எல்லாரும் நிற்கும்போது ஆரம்பித்தாள்.

"கட்டுனவனக் கூட்டிட்டுப் போய் ஊசியப் போட்டு ஒரே மாசத்துல அனுப்பிட்டா. இப்ப எனக்கும் போடணுமாம்! ஊசின்னு சொல்லிட்டு எவளாச்சும் என் வாசப்படி ஏறுங்க, பாக்கறேன்."

எதிர் வீட்டுச் செல்வம்மாள் தலையை ஆட்டினாள். மற்றவர்களும்தான். என் பக்கம் ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே!

ஆமாம், கொரோனா ஊசிக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். ஒரு மாதத்துக்குள் நெஞ்சடைத்துப் போய்விட்டார். வெகுநாள் அடைப்பு, ஊசியால் இல்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது என் காதில் மட்டும் விழுந்தது. இவள் சொன்னது எங்கள் ஊர் பாகலூர் முழுக்கக் கேட்டது.

நாளை கேம்புக்குப் போகிறேன். நல்லதோ கெட்டதோ, அவள் கத்தினாள் என்பதற்காகவே போகிறேன்.

16 ஜூன்

காய்ச்சல். நேற்று ஊசி போட்ட கையைத் தூக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முனிலட்சுமி, கர்நாடகா பக்கம் ஆனேக்கல்லில் இருக்கும் தன் மகளிடம் போனில் கன்னடத்தில் பேசுகிறாள், எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக. நானும் போய்ச் சேரப்போகிறேனாம்.

இவளுக்கு முன்னால் மட்டும் சாகக் கூடாது.

17 ஜூன்

காய்ச்சல் விட்டது. அவள் பார்க்கட்டும் என்று வாசலை மெதுவாகத் தெளித்தேன்.

4 செப்டம்பர்

தெரு முழுக்க இருமல். எனக்கும் மூக்கு ஒழுகியது. கஷாயம் குடித்தேன், சரியாகிவிட்டது.

9 செப்டம்பர்

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் விசில் மாதிரி சத்தம். அவளுடைய மூச்சு. போவதா வேண்டாமா என்று அடுப்படியில் நின்றேன். அவள் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. அப்புறம் சத்தம் குறைந்தது. அதுதான் பயமாகிவிட்டது.

போனால் உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறாள். ஆட்டோ பிடித்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த நிலையிலும் என் கையைத் தள்ளிவிடப் பார்த்தாள்.

ஃப்ளூ நுரையீரல்வரை போய்விட்டதாம். "இந்த வருஷம் ஊசி போட்டிருந்தாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"போட்டுக்கச் சொன்னவங்களத் தெருவுல நிக்க வெச்சுத் திட்டுனாங்க" என்றேன். அவள் கேட்கும்படிதான் சொன்னேன்.

13 செப்டம்பர்

அவள் மகள் சாயங்காலம்தான் வருகிறாள். பகலில் நான். இன்று ஆக்ஸிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கூப்பிட்டாள்.

"சுகுணா... ஊசிக்கு முன்னயே உன் வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. கொல்லையில நெஞ்சப் புடிச்சிக்கிட்டுக் குந்தியிருந்தாரு. 'அண்ணி, சுகுணாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா'ன்னாரு. நானும் வாயுன்னு நெனச்சு சோடா வாங்கிக் குடுத்தேன்."

"தெரிஞ்சுகிட்டே ஏன் என்மேல பழியப் போட்ட?"

"பின்ன யார்மேல போடறது? என்மேலயா?"

அவ்வளவுதான். மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள்.

மூணு வருஷம். தெருவுல தல நிமிந்து நடக்கல. நான்தான் கொன்னுட்டனோன்னு எனக்கே தோணுச்சே — தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கூட்டிட்டு ஓடியிருப்பேன். இருந்திருப்பாரா? யாரக் கேக்கறது? பாவி. பாவி.

14 செப்டம்பர்

போகவில்லை.

15 செப்டம்பர்

கஞ்சி எடுத்துப் போனேன். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"எங்க சொன்னியோ அங்கயே மாத்திச் சொல்லு. குழாயடியில, எல்லாரும் நிக்கறப்ப."

அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

2 பிப்ரவரி 2025

அவள் வீட்டுக்கு வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை. படி ஏறவே மூச்சு வாங்குகிறது. வாங்கட்டும்.

5 ஜூன்

மறுபடியும் கேம்ப் என்று அன்புமணி சொன்னான். குழாயடியில் செல்வம்மாள் என்னைப் பார்த்து, "எங்க மருமவனுக்கும் அந்தக் கம்பெனிதான், என் பேரையும் குடுத்திருக்கான். எனக்குப் பயமாகீது, உன் வூட்டுக்காரர் மாதிரி ஆயிட்டா?" என்றாள்.

முனிலட்சுமி குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"அவரு ஊசியால போவல. முன்னயே நெஞ்சு வலி இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இவமேல சொன்னேன்."

குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு குடம் நிறைவதற்குள் சொல்லி முடித்துவிட்டாளே! இதற்கா இத்தனை வருடம்?

14 ஜூன்

கேம்ப். நானும் முனிலட்சுமியும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். செல்வம்மாளும் வந்தாள். அதற்காக முனிலட்சுமியை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நர்ஸ் ஊசியை எடுத்ததும் முனிலட்சுமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் தோளில் முகத்தைச் சாய்த்துவிட்டாள். தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

ஊசி போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.