டெய்சி உட்கார்ந்த இடம்

ஆகஸ்ட் 11, 2025

டெய்சிக்கு ஓய்வு உத்தரவு வந்துவிட்டது. குட்டியிலிருந்து என்னோடு வெடிகுண்டு மோப்ப வேலை பார்த்தவள். போலீஸ் நாய் ஓய்வு பெற்றால், வீட்டில் வளர்க்க அதைப் பழக்கிய காவலருக்குத்தான், அதாவது எனக்குத்தான், முதல் உரிமை. ஆனால் வீட்டுக்கார சரசம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “நாய் கொண்டாந்தா ரூமைக் காலி பண்ணிக்கம்மா.” சேலத்துப் பக்கம் யாரோ தோட்டக் காவலுக்குக் கேட்கிறார்களாம். அவ்வளவு தூரமா? முடியாது.

ஆகஸ்ட் 17

பக்கத்தில் எல்லையோரம் ஜூஜுவாடியில் சித்தப்பா வீடு. சர்க்கரை நோயில் பார்வை போன பிறகு வெள்ளைச்சாமி சித்தப்பாவுக்குக் கட்டிலும் வாசற்படியும்தான் உலகம். பேச்சை நான்தான் எடுத்தேன். “கண்ணு தெரியாதவங்களை நாய் கூட்டிட்டுப் போகுதில்ல சித்தப்பா? டெய்சியும் ட்ரெயினிங் எடுத்த நாய்தான்.”

அவர் முகம் எப்படி மாறியது! “டீக்கடை வரைக்கும் போனாப் போதும் தாயி.”

கருப்பாயி சித்திக்குத்தான் பயம். “லாரி போற ரோடு. அது பாத்துக்கிருமா?”

“நான் பொறுப்பு சித்தி.”

ஆகஸ்ட் 19

எங்கள் எஸ்.ஐ. நாராயணப்பன் சார் காதில் விஷயம் விழுந்துவிட்டது. கூப்பிட்டுத் திட்டினார்.

“ஏம்மா சுப்ரியா, கண்ணு தெரியாதவங்களுக்குப் பழக்குன நாய், எதிர்ல பிரியாணி கொட்டிக் கிடந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுக்கு அந்த ஆள் மட்டும்தான் உலகம். நம்ம நாயை எல்லாத்தையும் மோந்து பாருன்னுதானே பழக்கியிருக்கோம்? இதை அந்த வேலைக்கு அனுப்பினா எப்படி?”

“பழகிடும் சார்” என்றேன்.

செப்டம்பர் 14

டெய்சியைச் சித்தப்பா வீட்டில் விட்டு மூன்று வாரம். நன்றாகத்தான் போகிறது. சித்தப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புகிறார். டெய்சி பக்கத்திலேயே நடக்கிறாள். சாரின் பேச்சைச் சித்தியிடம் சொல்லவில்லை. எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும்?

அக்டோபர் 15

சித்தப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சர்வீஸ் ரோட்டைக் கடக்கும்போது பைக் மோதியிருக்கிறது. டெய்சிக்குக் கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரே சொன்னார். “நடு ரோட்ல திடீர்னு உக்காந்துருச்சு தாயி. இழுத்தேன், வரல. அதுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு குனிஞ்சு தடவிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் வண்டி…”

அவர் அவளைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அக்டோபர் 16

டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். எதிரே ஒருவர், எல்லைக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கடைகள் நிறைந்த அத்திப்பள்ளியில் வாங்கிய பட்டாசுப் பையோடு நின்றிருந்தாராம்.

போதும். புரிந்துவிட்டது. வெடிமருந்து வாசனை வந்தால் குரைக்கக் கூடாது, தொடக் கூடாது, அசையாமல் உட்கார வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தது. கல் குவாரியில், ரயில் நிலையத்தில், அவள் அப்படி உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருக்கிறேன். நேற்றும் சரியாகத்தான் செய்தாள். பாராட்டுக்காகக் காத்திருந்திருப்பாள்.

தீபாவளி வருமென்று எனக்குத் தெரியாதா? ஜூஜுவாடியில் பட்டாசு நடமாடாத இடம் ஏது?

அக்டோபர் 18

சித்தி வராந்தாவில் என்னை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

“அது வாயில்லாத சீவன். அதுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும்ல?”

தலையாட்டினேன்.

“இனிமே அது எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது.”

அக்டோபர் 20

தீபாவளி. சாரிடம் கெஞ்சி டெய்சியைப் பழைய கொட்டடியிலேயே விட்டு, நானும் கூடவே இருக்கிறேன். வெளியே ஒவ்வொரு வெடிக்கும் டெய்சி உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். ஐயோ, போதும்டீ. எழுந்திரு.

நவம்பர் 6

ராயக்கோட்டை ரோட்டில் வீடு கிடைத்துவிட்டது. நாய் இருந்தால் பரவாயில்லையாம். நாலு பேரிடம் கேட்டதில் கிடைத்த வீடு. ஆகஸ்டில் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லையே நான்! சித்தப்பாவுக்கு உதவி என்று சொல்லிக்கொண்டேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 23

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். சார் எச்சரித்ததை, நான் மறைத்ததை, எல்லாவற்றையும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சித்தி காபி கொடுத்தார்.

ஜனவரி 11, 2026

சித்தப்பா பெங்களூரில் வெள்ளைக்கோல் பயிற்சிக்குப் போய் வருகிறாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

பிப்ரவரி 22

காலையில் ஜூஜுவாடி போனேன். சித்தப்பா கோலைத் தட்டித் தட்டித் தெருவில் தனியாக நடந்துகொண்டிருந்தார். லேசாகக் காலை இழுக்கிறார். கூப்பிடத் தைரியம் இல்லாமல் பின்னாலேயே போனேன். சர்வீஸ் ரோட்டில் நின்றார், காது கொடுத்தார், கடந்தார்.

அந்தப் பக்கம் ஏறியதும் திரும்பாமலே, “பூட்ஸ் சத்தம் கேக்குது. இப்ப நாய்க்குப் பதிலா நீ வர்றியாக்கும்?” என்றார்.

ரோட்டைக் கடந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“முன்னாடி வா. பின்னாடி ஆள் வந்தா எனக்குச் சரிப்படாது.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். “அந்தப் புள்ள நல்லா சாப்பிடுதா?”

“சாப்பிடுறா சித்தப்பா. குண்டாயிட்டா.”

கூட்டி வா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைக்காரரிடம், “ரெண்டு டீ. ஒண்ணு சக்கரை இல்லாம” என்றார்.