இன்னும் ஒரு திருகு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் நலம். நீ அங்கே கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு படுக்காமல் குளித்துவிட்டுத் தூங்கி, திடமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நலம் என்று எழுதிவிட்டேன், இன்றைக்கு அது சத்தியமான வார்த்தை. போன இரண்டு கடிதங்களிலும் இதே வார்த்தையைத்தான் எழுதினேன், அது அவ்வளவு உண்மை இல்லை. என்னைத் திட்டுவதென்றால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டு. பாதியில் எழுந்து போய்க் கேப்டனிடம் போன் கேட்டு அலறாதே, எல்லாம் நடந்து முடிந்து நல்லபடியாக ஆகிவிட்ட சமாசாரம்.

நீ துறைமுகத்திலிருந்து பேசியபோது, அப்பா ஏன் வழக்கம்போலக் கடிதத்தின் அடியில் நாலு வரி எழுதவில்லை என்று கேட்டாய். சோம்பேறித்தனம், வேறென்ன என்று சொல்லிவிட்டேன். மனிதர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், வலது கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு என்னை முறைத்தபடி. நம் கண்ணாடிக் கடையில் பலகை ஒன்று உடைந்து கையைக் கிழித்துவிட்டது. பதறாதே என்று சொன்னேனே. அதைச் சொல்வதற்கு முன்னால் உன் தங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அவள் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நீ கிளம்பின அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவளிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ரத்தத்தைப் பார்த்தா பொத்துன்னு விழுற உனக்கெல்லாம் போலீஸ் வேலை ஒரு கேடா, ஒரே வாரத்துல பெட்டியத் தூக்கிட்டு வந்து நிப்ப பாரு என்றாய். சின்ன வயதில் கதவு இடுக்கில் உன் விரல் நசுங்கியபோது நீ அழுவதற்கு முன்னால் அவள் மயங்கி விழுந்தாளே, அன்றைக்கு நீ வைத்த பெயர்தான் மயக்கம், தெருவே அதைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டது, மாடி வீட்டு அக்கா இன்னும் அப்படித்தான் கேட்கிறாள், மயக்கம் எப்படி இருக்கா என்று. நீ கப்பலுக்குக் கிளம்பின அந்த நாளிலிருந்து நீயும் அவளோடு பேசவில்லை, அவளும் உன்னோடு பேசவில்லை. இரண்டும் இரண்டு கொம்பு முளைத்த வீம்பு, என் வயிற்றில் எப்படித்தான் வந்து பிறந்தீர்களோ. அப்பாவும் அப்போது உன் கட்சிதான். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவளை பஸ் ஏற்றிவிட நான் மட்டும்தான் போனேன், அவர் கடையில் இல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் ஓட்டம், கயிறு ஏறுவது, சட்டப் பாடம் எதிலும் அவள் சோடை போகவில்லை. இடறிய இடம் ஒன்றே ஒன்று, முதலுதவி. போலீஸ்காரருக்கு எதற்கடா இந்த வேலை என்றுதான் நானும் நினைத்தேன். சொல்லிக்கொடுப்பவர் ஆம்புலன்ஸில் பல வருஷம் ஓடிய நர்ஸ் அம்மா, அவர் குரலுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சைரன் மேடம். முதல் நாளே சொன்னாராம், விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸுக்கு முன்னாடி போய்ச் சேர்றது நீங்கதான், அங்க போயி கூட்டத்தை விலக்கிட்டு மீசையை முறுக்கிட்டு நிக்கிறதுக்கு யாரும் உங்களைக் கூப்பிடல என்று. நெஞ்சை அழுத்தி மூச்சு வரவழைக்கப் பழகுவதற்கு ஒரு ரப்பர் பொம்மை வைத்திருக்கிறார்களாம், இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது, அதற்குப் பெண் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னைக்கு மாப்பிள்ளை பொழைச்சிட்டாரும்மா என்று ஒருநாள் போனில் சொன்னாள், பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

மாப்பிள்ளையிடம் அவள் கெட்டிக்காரி. தடுமாறினது கட்டுப் போடுவதில். ரத்தம் பீய்ச்சி அடித்து, துணி வைத்து அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே ஒரு அகலமான பட்டையைச் சுற்றி, அதில் இருக்கும் சின்னக் குச்சியைத் திருகித் திருகி இறுக்க வேண்டும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை, இறுக்குக் கட்டு என்று வைத்துக்கொள். வீட்டில் பழகிப் பார்க்கச் சொல்லி ஆளுக்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். லீவுக்கு வரும்போதெல்லாம் என் கையில்தான் பழக்கம். நான் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருப்பேன், இடது கையை அவள் எடுத்துக்கொள்வாள். இரண்டு திருகு திருகுவாள், ஐயோ போதும்டி என்று நான் கத்துவேன், உடனே நிறுத்திவிடுவாள். இதேதான் ஒவ்வொரு லீவுக்கும். பரீட்சையில் கூடப் படிக்கும் பையன் ஒருவன் கையில் கட்டச் சொன்னார்கள், ஆள் ரொம்ப உயரம், ஒட்டகம் என்று பெயர். இவள் அழகாகக் கட்டினாள், அளவாக, சுத்தமாக. சைரன் மேடம் வந்து அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், நாடி தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. உன் கூட்டாளி ரத்தமெல்லாம் போயி செத்துட்டான், அவங்க வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லிட்டு வா என்றாராம். அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, யார் கையிலம்மா பழகுன என்று கேட்டிருக்கிறார். எங்கம்மா கையில என்றாள் இவள். அவங்க கத்துனதும் விட்டுட்டியா என்றார். ஆமாம் என்றாள். அதான் சங்கதி, இந்தக் கட்டு சரியா விழுந்தா வலி உயிர் போகும், கத்தத்தான் செய்வாங்க, கத்தலேன்னா கட்டு சரியில்லன்னு அர்த்தம், உன் கை அம்மாவோட சத்தத்துக்கு நிக்கப் பழகியிருக்கு என்றாராம். இன்னொரு தடவை தவறினால் இந்த அணியோடு வெளியே வர முடியாது, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த லீவுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கோ என் மீதே ஆத்திரம். ஒரு கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு, கட்டுடி, இந்தத் தடவை மூச்சு விட்டா கேளு என்று கையை நீட்டினேன். கட்டினாள், திருகினாள், நான் கத்தவில்லை, என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் நிறுத்திவிட்டாள். என்னால முடியலம்மா, அண்ணன் சொன்னதுதான் சரி என்று அழுதாள். இதை உன் மனம் நோக எழுதவில்லை, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மறுநாள் காலையில்தான் அது நடந்தது. சலூனுக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று கேட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடி அடுக்கியிருக்கும் மரச்சட்டத்திலிருந்து பெரிய பலகையை உருவும்போது அது பாதியில் விரிசல் விட்டு உடைந்து மேல்துண்டு அப்படியே சரிந்து இறங்கியது. கையுறையை ஆணியில் மாட்டிவைத்துவிட்டு வேலை பார்க்கிற புண்ணியவான்தானே அவர். முழங்கைக்குக் கீழே உள்பக்கம் கிழித்துவிட்டது. சத்தமே போடாமல் தரையில் உட்கார்ந்தார், நான் திரும்பிப் பார்க்கும்போது சட்டை, தரை, பட்டறை மேஜையின் கால் எல்லாம் ரத்தம். நான் என்ன செய்தேன் என்று கேட்காதே, பில் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கடைக்குப் பின்னால் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்தவள் துண்டோடு ஓடி வந்தாள். இதோ விழப்போகிறாள், இப்போது இரண்டு பேரையும் நான் தூக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. விழவில்லை. அந்தத் துண்டையே காயத்தில் வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போடு, ஸ்பீக்கர்ல வை, அப்புறம் என் பைய எடுத்துட்டு வா என்றாள். அந்தக் குரல் நம் வீட்டுக் குரல் இல்லையடா, எனக்கே விறைத்து நிற்கத் தோன்றியது.

துண்டு நனைந்து சொட்டியது. அவள் பட்டையை எடுத்துத் தோளுக்குக் கொஞ்சம் கீழே சுற்றித் திருக ஆரம்பித்தாள். அப்பா அதுவரைக்கும் ஊமையாக இருந்தவர், அப்போது கத்தினார் பார், எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். விடுடி, தளர்த்துடி, கை போச்சு, பெத்த அப்பனைக் கொல்றியாடி என்று ஒரே கூச்சல். நானாவது சும்மா இருந்தேனா, கொஞ்சம் தளர்த்துடி, பாவம்டி மனுஷன் என்று நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். அவள் கை நின்றது. வழக்கமாக எங்கே நிற்குமோ அதே இடத்தில்தான் நின்றது, எனக்கு அந்த இடம் தெரியும், என் கையிலேயே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அவள் அப்பா முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை, காயத்தை மட்டும் பார்த்தாள். இன்னும் ஒரு திருகுப்பா என்று மெதுவாகச் சொன்னாள், சொல்லிக்கொண்டே திருகினாள். அப்பா கத்தின கத்தலை எழுத முடியாது. ரத்தம் நின்றுவிட்டது.

குச்சியை மாட்டிவிட்டு, அம்மா, இனிமே இதை யாரும் தொடக் கூடாது, அப்பா கெஞ்சினாலும் சரி, நீ கெஞ்சினாலும் சரி, டாக்டர்தான் அவிழ்க்கணும் என்றாள். அப்புறம் என் கைப்பையிலிருந்த கண் மை பென்சிலை எடுத்துக் கட்டுப் போட்ட நேரத்தை அப்பாவின் நெற்றியில் பெரிதாக எழுதினாள். ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே தெரிய வேண்டுமாம். தண்ணீர் பட்டாலும் போகாத மை என்று நீ வாங்கி அனுப்பினாயே, அதே பென்சில்தான். விளம்பரத்தில் பொய் சொல்லவில்லை, இரண்டு நாளைக்கு மனிதர் நெற்றியில் கடிகாரத்தோடு படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் வெளியே வந்து, யார் இந்தக் கட்டைப் போட்டது என்று கேட்டார். ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்து நான்தான் தளர்த்தச் சொன்னேன் டாக்டர், அவதான் கேக்கல என்று உளறினேன். நல்லதாப் போச்சு, தளர்வா இருந்திருந்தா இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டாரு, உயிருக்கு இனி பயமில்ல, ஆனா நரம்பு ரெண்டு தைச்சிருக்கேன், விரல் பழையபடி வருமான்னு போகப் போகத்தான் தெரியும் என்றார். உன் தங்கை எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டாள், சரிங்க டாக்டர் என்றாள், பெஞ்சுக்குப் போனாள், உட்கார்ந்தாள், பொத்தென்று மயங்கி விழுந்தாள். நீ வைத்த பெயர் பொய்க்கவில்லை ராசா. ஆனால் வேலையை முடித்துவிட்டுத்தான் விழுந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுததையும் சிரித்ததையும் பார்த்து அங்கிருந்த நர்ஸ் எனக்கும் ஒரு கட்டில் தேடினாள்.

பரீட்சையை மறுபடி எழுதப் போனபோது ஒட்டகம்தான் கையைக் கொடுத்தானாம். அவன் ஆ ஊ என்று துள்ளத் துள்ள இவள் திருகினாளாம், சைரன் மேடம் நாடியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார், அவர் தலையை ஆட்டினால் பதக்கம் கொடுத்த மாதிரியாம். உங்கப்பா எப்படித் தாங்குனாரு என்று ஒட்டகம் கேட்டானாம், தாங்கவேயில்ல என்றாளாம் இவள். பயிற்சி முடிந்து வெளியே வரும் அணிவகுப்பு நாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எதிர்க்கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் அளவு கேட்கும் முன்னால் என் மகள் கதையைத்தான் சொல்கிறேன், தற்பெருமை என்று நினைத்தால் நினைக்கட்டும், எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை மூடி மறைக்க எனக்குத் தெரியவில்லை. மாடி வீட்டு அக்கா நேற்று மயக்கம் எப்ப வரா என்று வாயெடுத்தாள், அவ பேர் அது இல்லக்கா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

உன்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று கோபம் வரும். சொல்ல வேண்டாம் என்றது உன் தங்கைதான். அண்ணன் நடுக்கடல்ல இருக்கான், வரவும் முடியாது, தூங்கவும் மாட்டான், அப்பா விரல் அசையட்டும், அப்புறம் சொல்லலாம்மா என்றாள். உன்னோடு பேசாதவள் உன்னைப் பற்றி நினைத்ததைச் சொல்கிறேன், அதற்கு மேல் உன் இஷ்டம்.

விரலுக்கு வருவோம். பஞ்சுப் பந்து ஒன்றைக் கொடுத்துத் தினமும் அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் கட்டைவிரலைத் தவிர ஒன்றும் அசையவில்லை. மனிதர் என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் கடையில் யாரும் இல்லாதபோது கண்ணாடி வெட்டும் வைரமுனைக் கத்தியை எடுத்துப் பிடித்துப் பார்ப்பார், அது நழுவிக் கீழே விழும், நான் உள்ளே வேலையாக இருப்பது போல இருந்துவிடுவேன். அதுதான் எங்கள் வீட்டு நலம் அந்த இரண்டு கடிதத்திலும்.

நீ உன் கப்பலில் முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, அதற்குள் அந்தப் பட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பார். இல்லாவிட்டால் கேட்டு வாங்கு, சண்டை போட்டாவது வாங்கு. கையுறை போடாமல் இயந்திரத்தில் கை வைக்காதே, உன் அப்பன் மகன் என்று அதில் காட்ட வேண்டாம். முடிந்தால் அணிவகுப்புக்கு லீவு கேள், கிடைக்காவிட்டால் அன்றைக்குக் காலையிலாவது அவளோடு பேசு. நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு, போன கரையெல்லாம் பத்திரமாகத் தொட்டு நீ வீடு வந்து சேர வேண்டும். அடியில் இடம் விட்டிருக்கிறேன், அப்பா பேனாவைக் கேட்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

தம்பி, எழுத்து கோணலாக இருக்கும். பரவாயில்லை, வலது கை. தளர்த்தச் சொல்லிக் கத்தினேன், அவள் கேட்கவில்லை. வேலைக்குப் போகாதே என்று நினைத்தேன், அதையும் கேட்கவில்லை. அணிவகுப்புக்கு நான் போகிறேன். நீ அவளுக்குப் போன் போடு.
அப்பா