மடித்த தாளில் இட்ட பன்னிரண்டு கையொப்பங்கள்

அனுப்புநர்:
பம்ப் ஆபரேட்டர் (காலைப் பணி),
நகராட்சி நீரேற்று நிலையம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஊதிய உயர்வை ஓராண்டு தள்ளிவைக்கச் சம்மதித்த பன்னிரண்டு கையொப்பங்களுள் துப்புரவுப் பணியாளருடையதை மட்டும் நீக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: நிதி நெருக்கடி குறித்த தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இது புகார் மனுதான். புகார் என் மீதே.

1. எங்கள் நிலையத்தில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறோம். தண்ணீர் நேரத்துக்குப் போகிறது, சம்பளம் நேரத்துக்கு வருகிறது. குறை சொன்னால் வாய் அழுகும். வரி வசூல் குறைந்துவிட்டதால், இவ்வாண்டு ஊதிய உயர்வைத் தள்ளிவைக்க மனமுவந்து சம்மதிப்போர் கையொப்பமிடலாம், கட்டாயமில்லை என்று தங்கள் சுற்றறிக்கை வந்தது.

2. அதே நாளில் இன்னொரு தாளும் என் மேசையில் இருந்தது. எங்கள் துப்புரவுப் பணியாளர் அக்கா இம்மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெறுபவருக்கு எல்லோரும் வாழ்த்து எழுதிய தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது இங்கு வழக்கம். உரியவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று தாளின் மேற்பாதியைப் பின்னால் மடித்து, பரீட்சை அட்டையில் செருகிச் சுற்றுக்கு விடுவோம். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

3. மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாழ்த்துத் தாளுக்குப் பதில் சுற்றறிக்கையை மடித்து அனுப்பியவன் நான். அதனால்தான் தங்களுக்கு வந்த சம்மதத் தாளில் ஃபிட்டரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் ‘நூறாண்டு வாழ்க’ என்றும், எலக்ட்ரீஷியனுடையதற்குப் பக்கத்தில் ‘இனியாவது முதுகு வலிக்கு ஓய்வு கொடுங்கள்’ என்றும் இருக்கிறது. மன்றக் கூட்டத்தில் எங்கள் தியாகத்தைப் பாராட்டிக் கைதட்டினார்களாம். அறிவிப்புப் பலகையில் அதைப் படித்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. “யோவ், என் இன்க்ரிமென்ட்ட வாழ்த்துச் சொல்லி வழியனுப்ப வச்சுட்டியே” என்று ஃபிட்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டது நியாயம்.

4. அந்தத் தாளைப் பிரித்துப் படித்தவர் ஒருவர் உண்டு. மோட்டார் அறையைக் கூட்டும்போது அட்டையைப் பார்த்த அக்கா, முழுவதும் படித்து, கடைசியில் தன் கையொப்பத்தையும் இட்டு, தபாலோடு சேர்த்துத் தானே கொண்டுவந்து தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “எல்லாரும் விட்டுக்கொடுக்கறீங்க, நான் மட்டும் வாங்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?” என்றார்.

5. நாங்கள் பதினோரு பேரும் உட்கார்ந்து பேசினோம். நகராட்சியின் கை இப்போது இறுகியிருப்பது எங்களுக்கும் தெரியும். பழைய வால்வுக்குத் துணி சுற்றி ஓட்டுபவர்கள் நாங்கள்தான். ஓராண்டு பொறுப்பதில் ஒன்றும் குடி முழுகிவிடாது, அடுத்த ஆண்டு எங்களுக்கு வரும். அக்காவுக்கு அடுத்த ஆண்டு இல்லை. கடைசி மாதச் சம்பளத்தை வைத்தே ஓய்வூதியம் கணக்கிடப்படுவதால், இப்போது விட்டுக்கொடுப்பது அவருக்கு ஆயுளுக்கும் குறையும். மோட்டாரின் சத்தத்தை வைத்தே கோளாறை எனக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். அவரை இப்படி அனுப்பி வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

6. எனவே எங்கள் பதினோரு கையொப்பங்களும் அப்படியே இருக்கட்டும். அக்காவினுடையதை மட்டும் நீக்கி, இம்மாதமே அவருக்கு ஊதிய உயர்வு வழங்கி உத்தரவிட வேண்டுகிறோம். படித்துப் பார்த்து இட்ட ஒரே கையொப்பம் அவருடையதுதான், அதைப் போய் நீக்கச் சொல்கிறார்களே என்று தாங்கள் நினைக்கலாம். அதனால்தான் கேட்கிறோம்.

7. ஆணையைத் தயவுசெய்து தபாலில் அனுப்ப வேண்டாம். இங்கே தபாலைப் பிரித்து மேசையில் வைப்பவர் அக்காதான். பார்த்தால் வேண்டாமென்று திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் நானே நேரில் வந்து வாங்கி, வாழ்த்துத் தாளோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

இம்மனுவையும் மேற்பாதியை மடித்தே சுற்றுக்கு விட்டேன். இம்முறை பதினோரு பேரும் பிரித்துப் படித்த பிறகே கையொப்பமிட்டார்கள். அக்கா மட்டும் படிக்கவில்லை.

இடம்: மோட்டார் அறை
நாள்: 9ஆம் தேதி

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)
பம்ப் ஆபரேட்டர்,
மூக்குக் கண்ணாடி அணிந்து
மற்றும் பதின்மர்