சுகப்பிரசவம் என்றார்கள்

12-6-1972, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. பிரசவ விடுப்பு முடிந்து மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். சுகப்பிரசவம்தானே என்று தலைமையாசிரியர் கேட்டார். தலையை ஆட்டினேன். தையல் போட்ட இடம் இன்னும் குத்துகிறது, நாற்காலியோ வெறும் பலகை. நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். ஞானம்மா டீச்சருக்கு என்ன உற்சாகம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஏன் தலையை ஆட்டினேன்?

18-6-1972, ஞாயிறு

விக்டோரியாவுக்கு ஞானஸ்நானம். சர்ச்சுக்கு வந்த பெண்களெல்லாம் குழந்தையின் நெற்றிப்பொட்டில் இருக்கும் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். சுகப்பிரசவம்தான், ஆண்டவர் கிருபை என்றார். தான் வேலை செய்யும் பட்டறையிலும் இதையேதான் சொல்லி லட்டு கொடுத்தாராம்.

சாப்பிடும்போது அம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். அம்மா கையைக்கூட நிறுத்தவில்லை.

"நாத்து நட்டுக்கினு இருந்தவ, வரப்புல ஏறி உன்னெப் பெத்தேன். நீ கட்டில்ல படுத்துக்கினு பெத்தே. உனக்கு இன்னாடி கொறை?"

இதற்குப் பதில் இப்போது வருகிறது. வரப்பில் அம்மாவை யாரும் அடிக்கவில்லை.

9-7-1972, ஞாயிறு

எழுதிவிட்டால் குறையும் என்று தோன்றுகிறது. பார்ப்போம்.

பிப்ரவரியில் வலி கண்டதும் அவர் என்னை ரயிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிரசவ அறைக் கதவோடு அவரையும் அம்மாவையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வரிசையாக மேசைகள், நடுவில் ஒரு திரைகூட இல்லை. ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் வலி. தண்ணீர் கேட்டேன். தரவில்லை. ஏன் தரக்கூடாது என்றும் சொல்லவில்லை. கத்தினேன். அந்த நர்ஸ், உயரமானவள், என் தொடையில் ஓங்கி அடித்தாள். "புருசன்கூட படுக்கும்போது கத்துனியா?" என்றாள். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். இல்லை, அவளும் வலியில் பல்லைக் கடித்திருப்பாள். எனக்குச் சிரித்த மாதிரிதான் தெரிந்தது.

டாக்டர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தனக்கு வரவேண்டிய மாற்றல் பற்றி நர்ஸிடம் பேசிக்கொண்டே என்னைச் சோதித்தார். ஆயுதம் போட்டுத்தான் எடுக்கணும் என்றார் — அதையும் அவளிடம்தான். இரண்டு பேர் என் கைகளை அழுத்திப் பிடித்தார்கள். மூக்கின்மேல் எதையோ வைத்தார்கள். அவ்வளவுதான் தெரியும். என் பிள்ளை பிறந்தபோது நான் அங்கே இல்லை.

விழித்தபோது வயிறு காலி. பக்கத்தில் குழந்தையும் இல்லை. போகிற வருகிற ஆயாக்களை எல்லாம் கேட்டேன். வரும், வரும் என்று போய்விட்டார்கள். செத்துவிட்டது, சொல்லப் பயப்படுகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். அடுத்த கட்டிலில் கங்கம்மா என்று ஒருத்தி, ஆரம்பாக்கத்துக்காரி. அவள் எட்டி என் கையைப் பிடித்தாள்.

"கீதும்மா. நான் பார்த்தேன். கத்திக்கினேதான் போச்சு."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, அங்கே சம்பளம் வாங்குகிற ஒருத்தருக்குக்கூட வாய் வரவில்லையே. மறுநாள்தான் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். நெற்றிப்பொட்டில் இடுக்கி பதிந்த காயம் இருந்தாலும் அழகாக இருந்தாள். யாருடைய குழந்தையோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிவிட்டேன். குறையவில்லை.

10-7-1972, திங்கள்

அவரிடம் சொன்னேன். முழுதாக இல்லை, அடித்தது வரைக்கும். ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். "புள்ள நல்லா கீது, நீயும் நல்லா கீற. அதையே நெனச்சிக்கினு இருந்தா இன்னா ஆவறது?" என்றார்.

ஒண்ணும் ஆவாது. அது எனக்குத் தெரியாதா? நான் ஆவறதுக்கா சொன்னேன்? கேளுய்யான்னுதானே சொன்னேன்.

துண்டை எடுத்து உதறி, கொடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

3-8-1972, வியாழன்

பக்கத்து வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அடி விழுந்த சத்தம். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். வெகுநேரம் எழுத வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

23-9-1972, சனி

யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

அந்த நர்ஸ் பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டு, அவள் என்ன சொல்வாள், நான் என்ன சொல்வேன் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். யாரென்றே தெரியவில்லை.

பிப்ரவரியில் பிரசவத்துக்கு வந்தேன் என்றேன். எத்தனையோ பேர் வந்தார்கள் என்றாள். நீங்கள் என்னை அடித்தீர்கள் என்றேன்.

"அடிச்சிருப்பேன்," என்றாள். "கத்திக்கினே இருந்தா முக்க மாட்டீங்க. புள்ளைக்கு ஆபத்து. அடிக்கத்தான் செய்வேன்."

குழந்தையை ஏன் கண்ணில் காட்டவில்லை என்று கேட்டேன். மூச்சு சரியில்லை என்றால் தனியாக வைத்திருப்போம் என்றாள். உயிரோடு இருக்கிறது என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"சொல்லலியா?" அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சிருப்பேன்."

அவ்வளவுதான். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டாள். மன்னிப்பு கேட்பாள் என்று போனேனா? திட்டுவாள் என்று போனேனா? இரண்டும் இல்லை. நான் இருந்ததே அவளுக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் பேஜாராகிவிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

5-11-1972, ஞாயிறு

நாத்தனார் மேரிக்கு இது எட்டாம் மாதம். அவள் புருஷன் மீஞ்சூரில் வேலை, அதனால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இன்று வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "ஆஸ்பத்திரில இன்னா பண்ணுவாங்க அண்ணி?"

அம்மா என்னை முறைத்துப் பார்த்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். முதன்முதலாக ஒரு ஆள் கடைசி வரைக்கும் கேட்டது. கேட்டு முடித்ததும் மேரி, அப்படியானால் நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன், இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்றாள்.

9-11-1972, வியாழன்

மேரிக்கு கால் வீங்கியிருக்கிறது, முகமும்கூட. சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து பார்த்து, வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது, ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். மேரி அசையவில்லை. அவர் என்னிடம் கத்தினார். தங்கச்சிக்கு ஏதாவது ஆனால் உன்னால்தான் என்றார்.

யாரும் சொல்லாததால் நான் பட்டேன். நான் சொன்னதால் இவள் படப்போகிறாளா? பொய் சொல்லியிருக்க வேண்டுமா?

மேரியிடம் போய் உட்கார்ந்தேன். நான் உன்கூட உள்ளே வருகிறேன் என்றேன். விடமாட்டார்களே என்றாள். வருகிறேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

8-12-1972, வெள்ளி

மேரிக்கு ஆண் குழந்தை. இருவரும் நலம். இன்றே எழுதிவிட வேண்டும்.

அதே கதவு. அதே நர்ஸ். கூட யாரும் வரக்கூடாது என்றாள். மேரி வராந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் இல்லாமல் அவள் வரமாட்டாள், ஓரமாக நிற்கிறேன், எதையும் தொடமாட்டேன் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். நர்ஸ் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீ அந்த டீச்சர்தானே? வந்து கேட்டுக்கினு போனியே."

ஆமாம் என்றேன்.

"தலமாட்டுல நில்லு. மயக்கம் போட்டு வுழுந்தீனா தூக்க ஆளில்ல."

வலி உச்சத்தில் மேரி கத்தியபோது நர்ஸின் கை மேலே போனது. "சிஸ்டர், வேணாம்," என்றேன். கை அப்படியே நின்றது. "அப்போ நீயே சொல்லு அவளுக்கு," என்றாள் எரிச்சலோடு.

சொன்னேன். நர்ஸிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு மேரியின் காதில் சொன்னேன். இப்போ தண்ணி குடிக்கக்கூடாதாம், வாந்தி வந்துடுமாம். தலை தெரியுதாம். இப்போ முக்காதே, மூச்சு வுடு. இப்போ முக்கு. மேரி என் விரல்களை நொறுக்கிவிட்டாள். பிறகு அந்தக் குழந்தை வெளியே வந்ததைப் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "புள்ள கீது, அழுவுது, கேக்குதா?" என்று நான் சொல்வதற்கு முன்பே நர்ஸ் சொல்லிவிட்டாள்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் கக்கூஸுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவுதானா? சொல்லிவிட்டுச் செய்ய இவ்வளவுதானா வேண்டியிருந்தது? எனக்கு மட்டும் ஏன் இல்லாமல் போச்சு?

11-2-1973, ஞாயிறு

விக்டோரியாவுக்கு ஒரு வயது முடிந்தது. வந்தவர்கள் போனபின் அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"அன்னிக்கு உன் சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு ஞானம். என்னால நிக்க முடியல. ரயில் டேசன்ல போய் உக்காந்துக்கினேன். அதான் யாரு கேட்டாலும் சுகப்பிரசவம்னே சொல்லிக்கினு இருந்தேன்."

ஒரு வருஷம் கழித்துச் சொல்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மேரியிடம் சொன்னதைத் தனக்கும் சொல்லச் சொன்னார். ஆயுதம் போட்ட இடம் வந்தபோது எழுந்து போகப் பார்த்தார். உட்காருங்க என்றேன். உட்கார்ந்தார். கடைசி வரைக்கும் சொன்னேன்.

19-7-1974, வெள்ளி

பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லியாகிவிட்டது. எதிர் வீட்டு மருமகளுக்கு விடிகாலையிலிருந்து வலி. அவள் மாமியாரே வந்து கூப்பிட்டாள். மேரிக்குப் பிறகு இது மூன்றாவது ஆள். நர்ஸ் இன்றும் முணுமுணுப்பாள். புது டாக்டருக்கு நான் உள்ளே நிற்பது பிடிக்கவில்லை, போன தடவை வெளியே போகச் சொன்னார். போகவில்லை.

எனக்கும் இது ஐந்தாம் மாதம். பயம் இருக்கிறது. அதே கதவு வழியாகத்தான் நானும் போக வேண்டும். மேரி கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இப்போதே புருஷனிடம் சொல்லிவைத்துவிட்டாளாம்.

அவர் விக்டோரியாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறார். ரயிலுக்கு நேரமாகிறது. அந்தப் பெண் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.